முதியோர் குடியிருப்பில் கருவி பொருத்துகிறீர்களா? முதலில் குளியலறைத் தரையில் படுத்துப் பாருங்கள்

போன மாதம் கும்பகோணத்துக்கும் திருவிடைமருதூருக்கும் நடுவில் புதிதாகக் கட்டியிருக்கும் ஒரு முதியோர் குடியிருப்பைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். 40 வீடுகள், பொதுச் சாப்பாட்டுக்கூடம், ஒரு நர்ஸ் ரூம். கருவிகளைப் பொருத்திய பையனுக்கு 25 வயது இருக்கும். செல்போனில் ஆப்பைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். ராத்திரி எழுந்து காலைக் கீழே வைத்தால் கட்டிலடியில் தானாக எரியும் மஞ்சள் விளக்கு, மருந்து வேளைக்குத் தமிழில் பேசும் பெட்டி. நன்றாகத்தான் செய்திருந்தான்.

குளியலறைக்குள் நுழைந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கீசர் சுவிட்சுக்குப் பக்கத்தில், நாலரை அடி உயரத்தில், பளபளவென்று ஒரு சிவப்பு பட்டன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் வைத்த அதே இடம்.

சார்ஜ் போட மறப்பது, பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவது, இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை ஒரே வாரத்தில் தாமாகத் தெரிந்துவிடும். ஆள் விழுகிற வரைக்கும் தெரியாத தவறுகள்தான் என் கவலை.

உதவி பட்டனை நிற்பவர் உயரத்தில் வைப்பது

திருவையாறு பக்கம் ஓர் இல்லம். ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் தனியாக இருந்தார். மார்கழி மாதம், விடிகாலை நாலரைக்குக் குளிக்கப் போனவர் வழுக்கி விழுந்துவிட்டார். ஆறரைக்குக் காபி கொண்டுபோன பெண் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். குளியலறைக் கதவு உள்பக்கம் தாழ். தாழை நெம்பியும் திறக்கவில்லை, உள்நோக்கித் திறக்கும் கதவு, அவர் கால் குறுக்கே கிடந்தது. பின்பக்க வென்டிலேட்டர் கண்ணாடியைக் கழற்றி, தோட்டத்தில் வேலை செய்த ஒல்லிப் பையனை உள்ளே இறக்கினோம். இடுப்பெலும்பு முறிவு. இரண்டு மணி நேரம் ஈரத் தரையில்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "பட்டனைப் பாத்துக்கிட்டேதான் கெடந்தேன் தம்பி. அதுல சின்னதா ஒரு லைட் எரியுதுல்ல, அதுகூட நல்லாத் தெரிஞ்சுது." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

விழுந்த அடியோடு முடிவதில்லை. எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால், சொந்த எடையில் நசுங்கிய தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். தோல் புண்ணாகும், உடம்பு சில்லிட்டுவிடும். அந்த நேரத்தைக் குறைக்கத்தானே பட்டனே வைக்கிறோம்?

இந்தத் தவறு எலெக்ட்ரீஷியன் பழக்கத்திலிருந்து வருகிறது. குளியலறையில் சுவிட்சைத் தண்ணீர் படாமல் உயரத்தில் வைக்க வேண்டும் என்பது சரியான பாடம்தான். ஆனால் அது சுவிட்சுக்கான பாடம். அழைப்புப் பெட்டியைக் கூரையோரம் வைத்துக்கொள்ளலாம், அதிலிருந்து ஒரு கயிறு தரை வரைக்கும் தொங்கினால் போதும்.

நானும் அப்புறம் கயிறு போட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், 16 குளியலறைகளில் 11-ல் கயிற்றைச் சுருட்டித் துண்டு மாட்டும் கம்பியில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். பெருக்கித் துடைக்கும் அம்மாவிடம் கத்தினேன். "நனையுது சார், ஈரக் கயிறு நாறுது, நான் என்ன பண்ண?" என்றார். நியாயம்தான். நூல் கயிறு வாங்கியது நான். (ஒரு வீட்டில் மாமி அதில் மடித்துணியை உலர்த்தி, உச்சி வெயிலில் நர்ஸை ஓடவைத்த கதை தனி.)

இப்போது நான் போடுவது இப்படி. துடைத்தால் காய்ந்துவிடும் சிவப்பு பிளாஸ்டிக் கயிறு. அதில் இரண்டு முக்கோணப் பிடி, ஒன்று உட்கார்ந்தவர் கைக்கு, இன்னொன்று தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில். ஒரே கயிறு போதாது. வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துக் கழிப்பறைப் பீங்கான் பக்கத்தில் மட்டும் மாட்டுகிறார்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் ஷவர் இருந்தாலும் வாளியில் பிடித்து, முக்காலியில் உட்கார்ந்து, சொம்பால் மொண்டு ஊற்றித்தான் குளிப்பார்கள். சோப்புத் தண்ணீர் ஓடுகிற இடமும் அதுதான், எழும்போது கால் நழுவுகிற இடமும் அதுதான். அங்கே இரண்டாவது கயிறு வேண்டும்.

கதவு வெளிநோக்கித் திறக்கட்டும். தாழ் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்கட்டும்.

இன்னொன்று. அழைப்பை நிறுத்தும் பொத்தான் அந்தக் குளியலறைக்குள்தான் இருக்க வேண்டும். பையன் என்னிடம் பெருமையாகக் காட்டியதே, நர்ஸ் தன் செல்போனில் தட்டினால் மணி நின்றுவிடும் என்பதைத்தான். மூன்று பேர் ஒரே நேரத்தில் கூப்பிடும் ராத்திரியில், தூக்கக் கலக்கத்தில் நர்ஸ் மூன்றையும் தட்டிவிட்டு இரண்டு அறைக்குப் போய்வருவார். மூன்றாவது ஆள் தரையில் கிடப்பார், ஆப்பில் எல்லாம் பச்சையாக இருக்கும்.

அவனைத் தரையில் படுக்கச் சொன்னேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு படுத்தான். இடது கையை உடம்புக்குக் கீழே வைத்துக்கொண்டு வலது கையால் தொடு என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எட்டல அண்ணே" என்றான்.

வாட்ச் கட்டிவிட்டால் போதும் என்பது

விழுந்தால் தானே தகவல் அனுப்பும் கைக்கடிகாரம் நல்ல பொருள். ஆனால் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர் முதலில் கழற்றி வைப்பது அதைத்தான். பூஜைக்கு உட்காரும்போதும் கழற்றுவார். அட்டைப்பெட்டியில் ஐபி67 என்று போட்டிருப்பது சாதாரணத் தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழம், 30 நிமிடம் என்ற கணக்கு. வெந்நீர், சோப்பு, நல்லெண்ணெய்க்கு அந்தக் கணக்கு பேசாது. வாட்ச் இருக்கட்டும், அதை நம்பிக் கயிற்றை விட்டுவிடாதீர்கள்.

கீச்சென்று கத்தும் அலாரம்

வயதானால் முதலில் போவது உச்ச ஸ்தாயியைக் கேட்கும் திறன். சாதாரணப் புகை அலாரம் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கீச்சிடும். நமக்குக் காதைக் கிழிக்கும், 80 வயதுக்காரர் புரண்டு படுத்துவிடுவார். 520 ஹெர்ட்ஸ் அளவில் கனத்த குரலில் ஒலிப்பதைத் தேடி வாங்குங்கள். கடைக்காரர் முழிப்பார், பரவாயில்லை.

படுக்கையறையில் கேமரா

வேண்டாம். பிள்ளைகள் கேட்டாலும் வேண்டாம்.

ஆயுள் சான்றிதழுக்குக் கைரேகை மெஷின் வாங்குவது

பென்ஷன்காரர்களுக்கான டிஜிட்டல் ஆயுள் சான்றிதழான ஜீவன் பிரமாண் 2014-ல் வந்தபோது கைரேகைதான் பிரதானம். நாற்றங்காலிலும் அடுப்படியிலும் தேய்ந்த விரல்கள். நவம்பர் மாதம் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்து, ஏழாவது தடவையும் ஏற்காமல் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். 2021-லிருந்து முகத்தைக் காட்டியே செல்போனில் முடிக்கலாம். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்காரவைத்தால் போதும். மெஷின் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

காபி குடித்த கையோடு பிரஷர் பார்ப்பது

டிகிரி காபி இறங்கி 30 நிமிடம் ஆகட்டும். பேசாமல் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். இதைச் செய்யாமல் ஆப்பில் ஏறும் எண்களை வைத்து டாக்டர் மாத்திரையைக் கூட்டினால், தலைசுற்றி விழுவது யார்? மறுபடி குளியலறைக்கே வந்துவிட்டோம்.

அவசர எண்ணில் முதல் பெயராக அமெரிக்காவில் இருக்கும் மகனைப் போடுவது

அவர் பதறிப்போய் நமக்குத்தான் போன் போடுவார்.

இன்வெர்ட்டரில் ரவுட்டரைச் சேர்க்காமல் விட்டுவிடுவது

விளக்குக்கும் ஃபேனுக்கும் இன்வெர்ட்டர் கொடுப்பார்கள், மூலையில் கிடக்கும் வைஃபை பெட்டியை மறந்துவிடுவார்கள். கரண்ட் போன நிமிடத்தில் அழைப்பு மணி மொத்தமும் ஊமை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்த பிறகு டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை, செல்போன் டவர்களும் படுத்துவிட்டன. மன்னார்குடிப் பக்கம் நான் பார்த்துக்கொண்டிருந்த இல்லத்தில் இன்டர்நெட்டை நம்பிய எதுவும் வேலை செய்யவில்லை. கடைசிவரை அடித்தது, வீட்டு வாசலில் மாட்டுகிற பேட்டரி போட்ட ஒயர்லெஸ் காலிங்பெல். அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் வீட்டுக்கு ஒன்று அதையும் மாட்டிவிடுகிறேன். பையன் இதைப் பழைய காலம் என்றான். இருக்கட்டும்.

பகலில் மட்டும் சோதிப்பது

திறப்பு விழா அன்று நிர்வாகி இழுத்தால் நாலு பேர் ஓடிவருவார்கள். மாதம் ஒரு தடவை, யாரிடமும் சொல்லாமல், ராத்திரி இரண்டு மணிக்கு இழுத்துப் பாருங்கள். ஆள் கதவைத் தட்ட எத்தனை நிமிடம் ஆனது என்று நோட்டில் எழுதுங்கள். எங்கள் நோட்டில் முதல் மாதம் 11 நிமிடம். இப்போது மூன்றுக்குள் வந்துவிடுகிறார்கள். தீபாவளிக்கு முந்தின ராத்திரி மட்டும் ஒன்பது. வெளியே வெடிச்சத்தத்தில் நர்ஸ் ரூம் மணி கேட்கவில்லையாம். அதற்காக அங்கே ஒரு சுழல் விளக்கும் வைத்திருக்கிறோம்.