முகாம் போட்டிக்குக் கிடாரிக் கன்றை வளர்த்துப் பழக்குவது எப்படி?

கால்நடை பராமரிப்புத் துறை கிராமங்களில் நடத்தும் சிறப்புச் சுகாதார முகாம்களில், ஒருபுறம் சிகிச்சையும் தடுப்பூசியும் நடக்க, மறுபுறம் கிடாரிக் கன்றுகளை, அதாவது பெண் கன்றுகளை, வரிசையாக நிறுத்திப் பார்த்துச் சிறந்த கன்றுகளுக்குப் பரிசு வழங்குகிறார்கள். மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் முதன்முறையாகக் கன்றை ஓட்டிச் செல்ல நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பரிசு பெறும் கன்று முகாமுக்கு முந்தைய வாரத்தில் உருவாவதில்லை. பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரை அது குடித்த பாலும், புழுவில்லாத வயிறும், மனிதர் கைக்குப் பழகிய குணமும்தான் அன்றைக்குக் கண்ணில் படுகின்றன.

முதல் படி: கன்றைத் தேர்ந்தெடுத்தல்

முதுகு நேராகவும், நெஞ்சு அகன்றும், நான்கு கால்களும் கோணலின்றியும், கண் தெளிவாகவும் இருக்கும் கன்றைத் தேர்ந்தெடுங்கள். தொப்புளில் வீக்கமோ குடலிறக்கமோ இருக்கக் கூடாது. நாட்டுமாட்டுக் கன்றாக இருந்தால் இனத்தின் அடையாளங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். நம் பகுதிக்குரிய புலிக்குளம் இனத்தில் பசுக்கள் வெண்மையாகவோ மயிலையாகவோ (சாம்பல் நிறமாகவோ) இருக்கும், மூஞ்சி, கண், வால்குஞ்சம் ஆகிய இடங்களில் செம்மை அல்லது பழுப்புச் சாயல் காணப்படும். கொம்பின் அமைப்பும் இன அடையாளமே என்பதால், கலப்பினக் கன்றுக்குச் செய்வதுபோல நாட்டுக் கன்றுக்குக் கொம்புக் குருத்தைச் சுட வேண்டாம். பெரியவர்கள் உடலில் உள்ள முடிச் சுழி பார்த்துத்தான் கன்றை எடுப்பார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன், ஆயினும் கன்றின் உடல்நலத்தைச் சுழி தீர்மானிப்பதில்லை.

இரண்டாம் படி: முதல் நாள்

கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். தாயின் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புப் பொருள்கள் கன்றின் இரத்தத்துக்கு வந்து சேர்வதில்லை. அவை சீம்பால் வழியாக மட்டுமே கிடைக்கின்றன, அவற்றை அப்படியே உறிஞ்சும் திறனைக் கன்றின் குடல் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் இழந்துவிடுகிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 கிலோக் கன்றுக்கு 2 லிட்டர் சீம்பாலை அந்த ஒரு நாளுக்குள் மூன்று நான்கு வேளையாகக் கொடுங்கள். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் பால் கொடுக்க வேண்டும் என்று காத்திருக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உள்ளது. அதனால் கன்று இழப்பதைப் பிற்பாடு எந்தத் தீவனத்தாலும் ஈடுகட்ட முடியாது. தொப்புள்கொடியின் நுனியில் டிஞ்சர் அயோடின் தடவுங்கள்.

மூன்றாம் படி: தீவனமும் எடையும்

முதல் மாதம் எடையில் பத்தில் ஒரு பங்கும், இரண்டாம் மாதம் பதினைந்தில் ஒரு பங்கும், மூன்றாம் மாதம் இருபதில் ஒரு பங்கும் பால் கொடுப்பது பொதுவான கணக்கு. இரண்டாம் வாரத்திலிருந்தே கன்றுத் தீவனத்தை ஒரு கைப்பிடி வைத்துப் பழக்குங்கள். மாட்டுக்கு நான்கு இரைப்பைகள்; குடிக்கும் பால் முதல் இரைப்பைக்குள் செல்லாமல் நேராக நான்காம் இரைப்பைக்குப் போய்விடுவதால், முதல் இரைப்பையை வளர்ப்பது திடத் தீவனம்தான். அத்துடன் பசுந்தீவனமாகச் சிறிதளவு வேலிமசாலோ அகத்தியோ கொடுக்கலாம். குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் அதைப் பலமுறை மாற்றுங்கள். பூக்காத இளஞ்சோளப் பயிரை, குறிப்பாக மழையில்லாமல் வாடிய பயிரை, எக்காரணத்துக்காகவும் போட வேண்டாம். அதிலுள்ள நச்சு கன்றைச் சிறிது நேரத்திலேயே கொன்றுவிடும்.

வைக்கோலை மட்டுமே தின்று வளரும் கன்றுக்கு வயிறு பானையாகத் தொங்கும், முதுகெலும்பு தெரியும். பார்வைக்குப் பெரிய வயிறு கொழுமை போலத் தோன்றினாலும் அது குறைபாட்டின் அடையாளம், நடுவர் அதை உடனே கண்டுகொள்வார்.

எடைமேடை இல்லாவிட்டாலும் டேப் கொண்டு எடையைக் கணக்கிடலாம். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சின் சுற்றளவையும், தோள்பட்டை முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையுள்ள நீளத்தையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிலோக் கணக்கு கிடைக்கும். சுற்றளவு 40, நீளம் 34 என்றால் எடை ஏறத்தாழ 82 கிலோ. மாதந்தோறும் இதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எடை ஏறாமல் நின்ற மாதம் எது என்று தெரிந்தால்தான் காரணத்தைத் தேட முடியும்.

நான்காம் படி: குடற்புழுவும் தடுப்பூசியும்

உருண்டைப் புழுவின் இளம்பருவங்கள் தாயின் பால் வழியாகவே கன்றுக்குள் சென்றுவிடுகின்றன. ஆகவே பிறந்த 10 முதல் 14 நாளுக்குள் முதல் குடற்புழு நீக்க மருந்தும், பின்னர் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். கன்று மண்ணைத் தின்றால் வாய்ப்பூட்டு போடுவதோடு நின்றுவிடாமல், புழுவும் தாது உப்புக் குறையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வாயிலும் குளம்பிடுக்கிலும் புண் உண்டாக்கும் கோமாரி நோய்க்கான தடுப்பூசியை நான்காம் மாதத்தில் தொடங்க வேண்டும். கருச்சிதைவு நோய்க்கான (புரூசெல்லோசிஸ்) தடுப்பூசி 4 முதல் 8 மாத வயதுக்குள் கிடாரிக் கன்றுகளுக்கு மட்டும் வாழ்நாளில் ஒருமுறை போடப்படுகிறது. அந்த வயது தாண்டிவிட்டால் வாய்ப்பும் போய்விடும். போட்டிக்குச் செல்வதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே கோமாரி ஊசி முடிந்திருப்பது நல்லது, ஏனெனில் எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு காலம் தேவைப்படுகிறது. 12 இலக்க அடையாள எண் உள்ள காது வில்லையையும் அப்போதே போட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து மருத்துவ உதவி கேட்க 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஐந்தாம் படி: பழக்குதல்

பலரும் விட்டுவிடும் படி இதுதான். கொழுகொழுவென்று வளர்ந்த கன்று, முகாமில் மைக் சத்தம் கேட்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடினால், அதன் அழகை யாரும் நின்று பார்க்க முடியாது. வயல்களில் கிடை போட்டு மேய்க்கும் கிடைமாட்டு மந்தையிலிருந்து வாங்கிய புலிக்குளம் கன்றுக்கு இன்னும் பொறுமை வேண்டும். அது கட்டுத்தறியே அறியாமல் மந்தையோடு வளர்ந்தது.

முதல் மாதத்தில் கயிறே வேண்டாம். தினமும் இருவேளை அருகில் அமர்ந்து கழுத்து, தோள், அலைதாடி (கழுத்தின் கீழ்த் தொங்கும் தோல்), வாலடி ஆகிய இடங்களைச் சொறிந்து கொடுங்கள். தலையில் முதலில் கை வைக்காதீர்கள். இரண்டாம் மாதத்தில், காதுகளுக்குப் பின்னாலும் மூக்குத் தண்டின் மேலும் படியும் தலைக்கயிற்றைப் போட்டு, சில நிமிடங்கள் அப்படியே திரியவிடுங்கள். பிறகு கன்றின் தோள் உயரத்தில், ஒரு முழ அளவு கயிறு விட்டுக் கட்டிப் பழக்குங்கள். இழுக்க இழுக்க இறுகும் சுருக்கைக் கழுத்தில் போடவே கூடாது. கட்டியிருக்கும் நேரத்தில் ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நடக்கப் பழக்கும்போது கன்றைத் தரதரவென்று இழுக்காதீர்கள். கயிற்றை மெல்ல இறுக்குங்கள், கன்று ஓரடி எடுத்து வைத்த அதே கணத்தில் தளர்த்துங்கள். அடியெடுத்து வைத்தால் இறுக்கம் நீங்கும் என்பதை அது இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. தளர்த்தும் நேரம் பிந்தினால் பாடமும் தவறிவிடும். பால் வேளைக்குச் சற்று முன்பு, தாய் இருக்கும் திசை நோக்கி நடத்துவது எளிது. ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

நடக்கக் கற்றபின் நிற்கக் கற்றுக் கொடுங்கள். நான்கு கால்களும் உடலுக்கு நேர்கீழே ஊன்றி, தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். முன்கால் முந்திவிட்டால் தோளில் விரலால் அழுத்திப் பின்வாங்கச் செய்யுங்கள். அப்படி நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரரை வரச்சொல்லி வாயைத் திறந்து பார்க்கவும், விலாவைத் தடவவும், குளம்பைத் தூக்கவும் சொல்லுங்கள். மோட்டார் சத்தம், ரேடியோ, நாய் குரைப்பு ஆகியவற்றுக்கும் சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

பிள்ளைகள் கன்றின் நெற்றியைத் தள்ளி முட்டி விளையாடுவதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். வாடிவாசலுக்கு வளர்க்கும் காளைக் கன்றுக்கு மண்குத்த, அதாவது கொம்பால் மண்ணைக் குத்திக் கிளற, பழக்குவார்கள். அந்தப் பயிற்சி வேறு, அதன் நோக்கம் வேறு. ஆள் கைக்கு அடங்க வேண்டிய கிடாரிக்கு முட்டும் பழக்கம் வந்துவிட்டால் மாற்றுவது கடினம்.

ஆறாம் படி: போட்டி வாரமும் போட்டி நாளும்

கடைசி வாரத்தில் தீவனத்தை மாற்றாதீர்கள்; கழிச்சல் கண்டுவிடும். காதுமடல், தொடையிடுக்கு, வாலடி ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். போட்டிக்கு முந்தைய நாள் காலையில் குளிப்பாட்டி, முடி படிந்திருக்கும் திசையிலேயே தேய்த்து, நிழலில் உலர்த்துங்கள். எண்ணெய் பூசினால் புழுதி ஒட்டிக்கொள்ளும். வண்டியில் ஏற்றுவதாக இருந்தால் தளத்தில் வைக்கோல் பரப்பி, வெயில் ஏறுமுன் சென்றுவிடுங்கள். வீட்டுத் தண்ணீரையும் வழக்கமான தீவனத்தையும் கொண்டு செல்லுங்கள். நடுவர் வரும்போது கன்றின் இடப்பக்கம் நின்று, கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, அவர் கேட்கும் வயது, தீவனம், ஊசி விவரங்களை நோட்டைப் பார்த்தே சொல்லலாம்.

திரும்பி வந்ததும் கன்றை மற்ற மாடுகளோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். இரண்டு வாரம் தனியே வைத்து, தினமும் வாயையும் குளம்பிடுக்கையும் பாருங்கள். எச்சில் ஒழுகினாலோ, நொண்டினாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.