அப்பாவின் பத்மினிக்கு முழு பாலிசி கிடைத்த கதை

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் நிற்பது அப்பாவின் 1982 பிரீமியர் பத்மினி கார். பல வருடமாக மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பாலிசிதான், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும். சட்டத்துக்கு அது போதும். நம் வண்டி நசுங்கினால் ஒரு பைசா வராது. முழு பாலிசி கேட்டால், "சிஸ்டம் எடுக்காது சார்" என்பார் ஏஜென்ட்.

தேய்மான அட்டவணைப்படி மதிப்புப் போடுவது 5 வருடம் வரைதான். அதைத் தாண்டினால் ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) நாமும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. இதைப் பிடித்துக்கொண்டு நேராகக் கிளை அலுவலகம் போனேன். உரிமம் பெற்ற சர்வேயரின் மதிப்பீட்டு அறிக்கை, காட்பாடி மெக்கானிக் கொடுத்த பில்கள், சேஸிஸ் எண் தெரியும் போட்டோக்கள், புதுப்பித்த ஆர்சி எல்லாம் கொடுத்தேன். (பில்களைப் பார்த்து வீட்டில் நடந்தது தனிக்கதை.) வண்டியை வந்து பார்த்தார்கள். அப்புறம் கேட்டதில் கொஞ்சம் குறைத்து ஒத்துக்கொண்டார்கள்.

ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் கவர்) கிடைக்கவில்லை. 10 வருடம் தாண்டிய வண்டிக்குத் தகர பாகத்திலும் பாதி கழிப்பார்கள். கண்ணாடிக்கு மட்டும் கழிவில்லை.