கார் ஷெட் பட்டறை: எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் புகை போகாதது ஏன்?

கார் ஷெட்டைப் பட்டறையாக்குபவர்கள் முதலில் வாங்குவது எக்ஸாஸ்ட் ஃபேன். காற்று உள்ளே வரும் வழியைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும். அதன் எதிர்ப்பக்கத்தில், அதன் வாயைவிடப் பெரிய திறப்பு வேண்டும். திறப்பும் ஃபேனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் வந்த காற்று அப்படியே வெளியேறும், மூலையில் நிற்கும் புகை அசையாது.

10×18 அடி ஷெட், 10 அடி உயரம் என்றால் உள்ளே சுமார் 51 கன மீட்டர் காற்று. அதை மணிக்கு 20 தடவை மாற்ற, மணிக்கு 1,020 கன மீட்டர் தள்ளும் ஃபேன் தேவை. வேலை தொடங்கும்முன், தின்னர் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே, மேசையருகே ஒரு ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உங்கள் முகத்தைத் தொடாமல் ஃபேன் பக்கம் சாய்ந்தால் சரி. சுருண்டு மேலே நின்றால் மேசையை நகர்த்துங்கள்.

சால்டரிங்குக்குப் புகை உறிஞ்சும் குழாய் வைப்பவர்கள் அதை ஒரு அடி தள்ளி வைப்பது வீண். ஊதும் காற்று தூரம் போகும், உறிஞ்சும் காற்று போகாது. 4 அங்குலக் குழாயின் வாயிலிருந்து 4 அங்குலம் விலகினாலே இழுப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும்.

பெயின்ட், தின்னர் விஷயம் வேறு. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். கூரையடி ஃபேன் அதைப் பிடிக்காது. கதவிடுக்கு வழியே பூஜையறை விளக்கு வரை போகும். பல தின்னர்களில் இருக்கும் டொலுவீன் 4 டிகிரி செல்சியஸிலேயே பற்றிக்கொள்ளும் அளவு ஆவி விடும், நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். சாதாரண ஃபேனின் மோட்டாரும் சுவிட்சும் பொறி விடக்கூடியவை. ஸ்ப்ரே வேலையை வெளியே திறந்தவெளியில் செய்யுங்கள்.

ஜிஐ பைப்பை வெல்டிங் செய்யுமுன் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுங்கள். அந்தப் பூச்சு எரிந்து வரும் புகையால் சில மணி நேரம் கழித்து குளிர்காய்ச்சல் வரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் காயாத இடத்தில் வெல்டிங் ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உருவாகும்.

என்95 மாஸ்க் தூசுக்கும் புகைத்துகளுக்கும்தான். தின்னர் ஆவிக்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (ரசாயன ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி) பொருத்திய மாஸ்க் வேண்டும். வண்டிப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவை இரண்டுமே தடுக்காது, அதற்கு வாசனையும் கிடையாது. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு பைக்கை ஐடிலில் ஓடவிடாதீர்கள், வெளியே தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.