லாட்விய நவீன இலக்கியத்தை அறிமுகப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாட்விய இலக்கியத்தை ரஷ்ய இலக்கியத்தின் ஒரு கிளையாக எண்ணிவிடுவது எளிதில் நேரக்கூடிய முதல் தவறு. லாட்விய மொழி ஸ்லாவிய மொழி அன்று. அது பால்டிக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, இன்று வழக்கில் உள்ள அதன் நெருங்கிய உறவு லித்துவேனிய மொழியே. லாட்வியா 18ஆம் நூற்றாண்டில் ரஷ்ய ஜார் ஆட்சியின்கீழ் வந்த பிறகும், நிலமும் திருச்சபையும் கல்வியும் பெரும்பாலும் ஜெர்மானியப் பிரபுக்களிடமும் போதகர்களிடமுமே இருந்தன. எனவே தொடக்ககால லாட்விய எழுத்தாளர்கள் எதிர்கொண்ட உயர்மொழி முதலில் ஜெர்மன்தான். சிறுகதையிலும் நாடகத்திலும் தேர்ந்த ருடோல்ஃப்ஸ் பிளௌமானிஸ் இரு மொழிகளிலும் எழுதியவர் என்பதை இந்தப் பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

அடுத்த தவறு, அச்சு தொடங்கிய நாளையே நவீன இலக்கியம் தொடங்கிய நாளாகக் கொள்வது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எர்ன்ஸ்ட் கிளுக் செய்த விவிலிய மொழிபெயர்ப்பும், 18ஆம் நூற்றாண்டில் ஷ்டெண்டர் எழுதிய இலக்கணமும் அறிவுநூலும் மொழிக்கு உரம் சேர்த்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை உழவர்களுக்குக் கற்பிக்கும் நோக்கில் ஜெர்மானியர்கள் எழுதியவை. லாட்வியர்கள் தமக்காகத் தாமே எழுதிய நவீன கவிதைக்கு 1856இல் யூரிஸ் அலுனான்ஸ் வெளியிட்ட சிறு பாடல் தொகுப்பையே தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அதில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு என்பதால் அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. உழவர் மொழி என்று ஒதுக்கப்பட்ட ஒன்றில் ஐரோப்பியக் கவிதையைச் சொல்ல முடியும் என்று நிறுவுவதே அன்றைய தேவையாக இருந்தது.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் நாட்டார் மரபு. ‘தைனா’ எனப்படும் குறும்பாடல்கள் பெரும்பாலும் நான்கு அடிகளில் அமைந்தவை. அவை மக்கள் வாயில் வாழ்ந்தவை. கிரிஷ்யானிஸ் பரோன்ஸ் அவற்றைத் தொகுத்து வகைப்படுத்தி 1894 முதல் 1915 வரை வெளியிட்டார். மாற்று வடிவங்களையும் சேர்த்து அத்தொகுப்பில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அவர் பாடல்களை அடுக்கி வைத்த அலமாரி 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஆனால் இதே மூச்சில் ‘லாச்பிளேசிஸ்’ காப்பியத்தையும் தொன்றுதொட்டு வழங்கிய வாய்மொழிக் காவியம் என்று எழுதுவது பெரும்பிழை. கரடியைக் கிழித்த வீரனின் கதையைக் கொண்ட அந்நூலை அந்திரெய்ஸ் பும்புர்ஸ் என்ற ராணுவ அதிகாரி, நாட்டார் கதைக்கூறுகளை எடுத்துக்கொண்டு, தாமே இயற்றி 1888இல் வெளியிட்டார். கதை நிகழ்வது 13ஆம் நூற்றாண்டுச் சிலுவைப்போர்க் காலத்தில். அதன் ஏக்கமோ 19ஆம் நூற்றாண்டுத் தேசிய எழுச்சியினுடையது. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால், கவிஞரும் நாடகாசிரியருமான ரைனிஸ் 1905இல் அதே கதையை ‘நெருப்பும் இரவும்’ என்ற நாடகமாக மாற்றியதன் துணிவும் புலப்படாமல் போகும். பும்புர்ஸ் சூனியக்காரியாகப் படைத்த ஸ்பீடோலாவை, வீரனை ஓயாது மாறச் சொல்லித் தூண்டும் ஆற்றலாக ரைனிஸ் உயர்த்தினார். வலிமை மட்டும் போதாது என்று தம் மக்களிடம் சொல்ல அவருக்கு அப்பாத்திரம் தேவைப்பட்டது.

ரைனிஸைப் பேசுமிடத்தில், கவிஞரும் நாடகாசிரியருமான அஸ்பாசியாவை அவருடைய மனைவி என்ற ஒரு சொல்லோடு கடந்துவிடுவது என்னை எப்போதும் வருத்துகிறது. இருவரும் 1865இல் பிறந்தவர்கள். ரைனிஸின் முதல் கவிதைத் தொகுப்பு 1903இல் வருவதற்கு முன்பே, பெண்களின் உரிமையிழப்பைப் பேசிய அஸ்பாசியாவின் நாடகம் 1894இல் தலைநகர் ரீகாவின் மேடையில் பெரும் விவாதத்தை எழுப்பியிருந்தது. ரஷ்யப் பேரரசில் எழுந்த 1905 புரட்சி ஒடுக்கப்பட்ட பின் சுவிட்சர்லாந்தில் 1920 வரை நீண்ட புலம்பெயர் வாழ்வையும் அவர் பகிர்ந்துகொண்டார்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல்: ஆண்பெயர்களின் இறுதியில் வரும் ‘ஸ்’ லாட்விய இலக்கண விகுதி; ஷேக்ஸ்பியரும் அங்கே ‘ஷெக்ஸ்பீர்ஸ்’ ஆகிறார். அதைப் பன்மை என்று கருதி நீக்கிவிடக் கூடாது.

சோவியத் காலத்தை வெறும் பிரச்சார இலக்கியக் காலம் என்று ஒரே வரியில் ஒதுக்குவதும் நேர்மையன்று. அரசுக்கு இணங்கியவர், எதிர்த்தவர் என இரு கூடைகளில் எல்லோரையும் இட்டுவிடவும் முடியாது. ‘மீனவன் மகன்’ என்ற நாவலால் 1930களிலேயே வாசகர்களைக் கவர்ந்த விலிஸ் லாட்சிஸ், பின்னர் சோவியத் லாட்வியாவின் அரசாங்கத் தலைவராகவே பணியாற்றினார். கவிஞர் விஸ்மா பெல்ஷெவிட்சாவோ, 13ஆம் நூற்றாண்டு லிவோனிய (இன்றைய லாட்வியா, எஸ்தோனியா பகுதியின் பழம்பெயர் லிவோனியா) வரலாற்றேடு ஒன்றின் ஓரங்களில் எழுதப்பட்ட குறிப்புகள் என்ற பாவனையில் ஒரு நெடுங்கவிதையை 1969 தொகுப்பில் வெளியிட்டார். அது நிகழ்காலத்தைச் சுடுவதை அதிகாரிகள் உணர்ந்துகொண்டதால், சில ஆண்டுகள் அவரது எழுத்து அச்சேறாமல் தடுக்கப்பட்டது. 1944இல் சோவியத் படை மீண்டும் நெருங்கியபோது நாட்டைவிட்டுத் தப்பிச் சென்றவர்கள் ஜெர்மனியின் அகதி முகாம்களிலும் பிறகு சுவீடனிலும் அமெரிக்காவிலும் எழுதியவை மற்றொரு பெரும்பகுதி. அதையும் விடாமல் படிக்க வேண்டும்.

சோவியத் காலப் படைப்புகளைக் குறிப்பிடும்போது, வெளியான ஆண்டை எழுதப்பட்ட ஆண்டாகக் கொள்ளாமல் இரண்டையும் தனித்தனியே தேடிப் பதிவது அவசியம். கவிஞர் க்னூட்ஸ் ஸ்குயெனியெக்ஸ் 1962 முதல் 1969 வரை ரஷ்யாவின் மொர்தோவியச் சிறைமுகாமில் இருந்தபோது எழுதிய கவிதைகளின் விரிவான தொகுப்பு ‘பனியில் விதை’ என்ற பெயரில் 1990இல்தான் நூலாயிற்று.