ஆயா வீடு இல்லாத ஊரில் பிள்ளையை எங்கே விடுவது?

போன வாரம் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் ஒரு அறுபதாங்கல்யாணம். பந்தி முடிந்து வளவில், வீட்டு நடுமுற்றத்தில், உட்கார்ந்திருந்தபோது இரண்டு பெண்கள் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருத்தி அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவுக்கு, மெல்போர்ன் போகிறாள், இன்னொருத்தி விசாவுக்குக் காத்திருக்கிறாள், இருவர் இடுப்பிலும் பிள்ளை. "அக்கா, ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா இவனை எங்க விடுறது?" அங்கே ஒன்பது வருடம் இருந்து இரண்டு பிள்ளைகளை சைல்டுகேரில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், விட்டு வளர்த்தவள் நான். அவர்களிடம் சொன்னதை, சொல்ல விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வியே வந்ததில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்கப் போன காலத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் கப்பலேறினார்கள், பிள்ளைகள் வளவிலேயே வளர்ந்தன, ஒன்று விழுந்து அழுதால் எந்தக் கட்டிலிருந்தாவது யாராவது ஓடிவருவார்கள். இப்போது குடும்பத்தோடு கிளம்புகிறோம், அப்பத்தாவும் ஆயாவும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். (நமக்கு ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். சென்னையில் காப்பகத்து வேலைக்காரம்மாவை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு என் அம்மா முகம் சுளித்தது தனிக்கதை.)

முதலில் தடுப்பூசி அட்டை. ஊசி கணக்கு சரியாக இல்லாவிட்டால் மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் சைல்டுகேரில் சேர்க்கவே மாட்டார்கள், மத்திய அரசின் மானியமும் வராது. இங்கே அரசு சுகாதார நிலையத்தில் போடுவது தட்டம்மை, ரூபெல்லா ஊசி. அங்கே அதோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துக் கேட்பார்கள், சின்னம்மை ஊசியும் உண்டு. அதனால் அட்டையைப் பத்திரமாகக் கொண்டுபோய், போனதும் ஒரு ஜி.பி.யை, அதாவது பொது மருத்துவரைப் பார்த்து, போட்ட ஊசிகளை அரசுப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, விட்டுப்போனதைப் போட்டுக்கொள்ளுங்கள். அட்டையைத் தொலைத்துவிட்டு எல்லா ஊசியையும் திரும்பப் போட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும்.

அடுத்தது பணம். நிரந்தரமாகத் தங்கும் விசா இருப்பவர்களுக்கும் குடிமக்களுக்கும்தான் சைல்டுகேர் சப்சிடி என்ற அந்த மானியம், சில விதிவிலக்குகள் தவிர. தற்காலிக வேலை விசாவில் போகிறவர்கள் முழுக் கட்டணத்தையும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். அதை இங்கேயே கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடலாம். தகுதி இருந்தால் சென்டர்லிங்க் என்ற அரசு உதவித்தொகை அலுவலகத்தில் விண்ணப்பம் போட வேண்டும், பணம் உங்கள் கணக்குக்கு வராது, நேராக சென்டருக்குப் போய்க் கட்டணத்தில் கழியும். சேர்த்துவிட்டு மாதக்கணக்கில் தூங்கிவிடாதீர்கள், விண்ணப்பம் போட்ட தேதிக்கு 28 நாளுக்கும் முந்தைய பாக்கியைத் தரமாட்டார்கள். 2026 ஜனவரியிலிருந்து தகுதியுள்ள குடும்பங்களுக்கு, வேலை நேரம் எவ்வளவாக இருந்தாலும், இரண்டு வாரத்துக்குக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு மானியம் உண்டு. சுருக்கமாக வாரம் மூன்று நாள்.

வகைகளில் குழம்ப வேண்டாம். பெரிய கட்டடத்தில் நாள் முழுக்க நடப்பது லாங் டே கேர். ஒருவர் தன் வீட்டிலேயே சில பிள்ளைகளைப் பார்ப்பது ஃபேமிலி டே கேர். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் நாலு பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. இந்த இரண்டாவதில் தமிழ் பேசும் அக்காக்கள் கிடைப்பார்கள், பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் முறையாகப் பதிவு செய்தவரா, பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான அரசுச் சோதனை அட்டை அவரிடமும் வீட்டில் இருக்கும் மற்ற பெரியவர்களிடமும் இருக்கிறதா என்று கேளுங்கள். "நம்ம ஊரு அம்மாதான், கையில காசு குடுத்தாப் போதும்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நம்ம ஊர் என்பது ஒரு தகுதி இல்லை.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? ஸ்டார்ட்டிங் பிளாக்ஸ் என்ற அரசுத் தளத்தில் சென்டர்களுக்கு மதிப்பீடு போட்டிருக்கும். 'மீட்டிங்' என்றால் தேசியத் தரத்தை எட்டியது, 'எக்சீடிங்' என்றால் அதற்கும் மேல், 'வொர்க்கிங் டுவர்ட்ஸ்' என்றால் இன்னும் எட்டவில்லை. மதிப்பீடு எந்த வருடம் கொடுத்தது என்றும் பாருங்கள், பழையதை நம்பிப் பிரயோஜனமில்லை. நான் முதல் பிள்ளையை விட்ட இடம் மதிப்பீட்டிலும் கட்டடத்திலும் குறையே இல்லாதது, வாசலில் காபி மெஷின்கூட உண்டு. எட்டு மாதத்தில் அவனைப் பார்த்துக்கொண்டவர்கள் மூன்று முறை மாறினார்கள். ஒவ்வொரு தடவையும் பழகின முகம் போனதும் அவன் வாசலிலேயே என் சேலையைப் பிடித்துக்கொண்டு கத்துவான், வந்தவர்களுக்கு அவன் பேரைச் சரியாகச் சொல்லவே இரண்டு வாரம் ஆகும். இரண்டாவது பிள்ளைக்குப் பார்த்தது பழைய ஓட்டுக் கட்டடம், பொம்மைகளில் பாதிக்குச் சாயம் போயிருந்தது, ஆனால் அங்கே ஒரு அம்மா பதினோரு வருடமாக அதே அறையில் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தேன்.

ஆகவே நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: இந்த அறையில் இருக்கிறவர்கள் எத்தனை நாளாக இருக்கிறார்கள்? போன வருடம் எத்தனை பேர் மாறினார்கள்? விக்டோரியாவில் மூன்று வயதுக்குக் கீழே நாலு பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் பதினோரு பிள்ளைக்கு ஒருவர் என்று சட்டம்; எல்லா இடமும் அதைக் காட்டும். அந்த ஒருவர் நேற்றும் வந்தவரா, நாளையும் வருவாரா என்பதுதான் பிள்ளைக்கு முக்கியம். சுற்றிக்காட்டும்போது மேனேஜர் பேசுவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, மூலையில் அழுகிற பிள்ளை இருந்தால் அதைப் பாருங்கள். யாராவது கீழே உட்கார்ந்து அதன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்களா, இல்லை நின்றபடியே தூக்கி இடம் மாற்றுகிறார்களா? முடிந்தால் இன்னொரு நாள், காலையில் இல்லாமல் சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்குப் போங்கள், எல்லோரும் களைத்திருக்கும் நேரம் அது, அப்போது தெரிவதுதான் நிஜம். நல்ல இடங்களில் இடம் காலியாக இருக்காது, வீடு பார்க்கும்போதே நாலைந்து இடத்தில் பெயர் கொடுத்துவையுங்கள்.

சேர்த்தபிறகு சில சில்லறை விஷயங்கள். தண்ணி, பசிக்குது, ஒண்ணுக்கு, வலிக்குது, தூக்கு: பிள்ளை சொல்லும் இந்த மாதிரி பத்து வார்த்தையை ஆங்கில எழுத்தில் எழுதி, அர்த்தத்தோடு அறையில் ஒட்டச் சொல்லுங்கள். என் மகன் ஒரு மத்தியானம் முழுக்க "தண்ணி" என்று கேட்டும் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் ஊரிலிருந்து வரும் கடலை உருண்டை, முந்திரி போட்ட எதுவும் டப்பாவில் வைக்காதீர்கள், நிறைய இடங்களில் கடலைக்கும் கொட்டைக்கும் தடை. இட்லி, வெள்ளைப் பணியாரம் கொடுத்துப் பார்க்கலாம், வெளிச்சாப்பாட்டை அனுமதிக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு. காப்பு, கொலுசு, கழுத்துச் செயினைப் பெரும்பாலும் கழற்றச் சொல்வார்கள், கோபப்பட வேண்டாம், தொண்டையில் சிக்கும் என்ற பயம். ஊட்டிவிட்டே பழக்கிய பிள்ளை முதல் வாரம் அரைவயிறாகத்தான் வரும், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தானாக எடுத்துச் சாப்பிட விடுங்கள், வளவு முழுக்கச் சோறு சிந்தினாலும் அப்பத்தா திட்டினாலும் பரவாயில்லை.

முதல் குளிர்காலத்தில் பிள்ளைக்கு மாறி மாறி சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு வரும், காய்ச்சல் என்றால் உடனே கூட்டிப்போகச் சொல்லி போன் வரும், வராத நாளுக்கும் கட்டணம் உண்டு. யார் எந்த நாள் லீவு போடுவது என்று வீட்டுக்காரரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர் ஜூனில் ஆரம்பிக்கிறது, மே மாதத்துக்குள் லீவைச் செலவழித்துவிடாதீர்கள்.