வீட்டை இழந்தால் பள்ளியையும் இழக்க வேண்டாம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“கொஞ்ச நாளைக்குத் தெரிஞ்சவங்க வீட்ல இருக்கோம்.” அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். வேலை போய், வாடகை கட்ட முடியாமல் அபார்ட்மென்ட்டைக் காலி செய்திருப்பார்கள். அல்லது அடி உதை தாங்க முடியாமல் ஒரு தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக வெளியேறியிருப்பார். நண்பர் வீட்டு ஹாலில் இரண்டு மெத்தையில் நான்கு பேர் படுத்திருப்பார்கள். பிள்ளையின் பள்ளிப் பை சோபாவுக்குப் பின்னால் கிடக்கும். இப்படிப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்காகவே ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது.

மெக்கின்னி-வென்டோ சட்டம் என்று பெயர். 1987-இல் வந்தது, 2015-இல் திருத்தி இன்னும் பலப்படுத்தினார்கள். அரசுப் பள்ளிகள், அரசுப் பணத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, “ஹோம்லெஸ்” என்ற சொல்லைக் கேட்டதுமே ஒதுங்கிவிடுவது. தெருவோரக் கூடாரம்தான் மனதில் வரும். “ஐயோ, நாங்க அந்த நிலைமையில் இல்லை” என்று சொல்லிவிடுவார்கள். சட்டம் கேட்கும் கேள்வி வேறு. பிள்ளை இரவில் படுக்கும் இடம் நிலையானதா, தினமும் அங்கே போய்ப் படுக்க முடியுமா, தங்கத் தகுந்ததா? இதில் ஏதாவது ஒன்று இல்லையென்றாலே அந்தப் பிள்ளை இந்தச் சட்டத்தின் கீழ் வரலாம். கார், ஷெல்ட்டர், வேறு போக்கிடம் இல்லாமல் தங்கும் மோட்டல் அறை எல்லாம் இதில் அடக்கம். வீட்டை இழந்ததாலோ பணக் கஷ்டத்தாலோ அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருப்பதும் அடக்கம். நாடு முழுவதும் 2022-23 கல்வியாண்டில் பள்ளிகள் இப்படி அடையாளம் கண்ட பிள்ளைகள் 13 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தெருவில் இல்லை, யாரோ ஒருவர் வீட்டில்தான் ஒண்டியிருந்தார்கள். இரண்டு குடும்பங்கள் விரும்பிச் சேர்ந்து குடியிருந்தால் அது வேறு கதை. போக வேறு இடம் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் இங்கே கேள்வி.

அந்தச் சொல் வலிக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் அது உங்கள் நெற்றியில் ஒட்டும் பட்டம் இல்லை, பிள்ளைக்கு ஒரு கதவைத் திறக்கும் சாவி. நீங்கள் தங்கியிருக்கும் நிலைமை பற்றிய தகவலை மாணவரின் ரகசிய ஆவணமாகத்தான் பள்ளி வைத்திருக்க வேண்டும். இடம் கொடுத்த நண்பரின் வீட்டு உரிமையாளருக்குப் போன் போட்டு “இவர்கள் அங்கேதான் இருக்கிறார்களா?” என்று கேட்கும் வேலை பள்ளிக்கு இல்லை. நண்பருக்குச் சங்கடம் வந்துவிடுமோ என்று பயந்து வாயே திறக்காதவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, காகிதம் சேரட்டும் என்று காத்திருப்பது. ஒரு தாயோடு நான் பள்ளி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர், அதில் பாதி காகிதம்தான் இருந்தது. மகனின் தடுப்பூசி அட்டை ஸ்டோரேஜ் அறையில் மாட்டிக்கொண்டிருந்தது, அந்த அறைக்கு வாடகை பாக்கி. கவுன்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்: லீஸ், கரண்ட் பில், தடுப்பூசி விவரம், எல்லாம் கிடைத்ததும் வாருங்கள். அந்தத் தாய் உடனே நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். பையன் ஏற்கெனவே ஒன்பது நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தான்.

அங்கே எழுந்திருக்கக் கூடாது. காகிதம் எதுவும் இல்லாவிட்டாலும் பிள்ளையை உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் சட்டம். முகவரிச் சான்று, பிறப்புச் சான்றிதழ், பழைய பள்ளியின் மதிப்பெண், தடுப்பூசி விவரம், எதைக் காட்டியும் தள்ளிப்போட முடியாது. கடைசித் தேதி போய்விட்டது, பழைய பள்ளியில் கட்டணம் பாக்கி என்றாலும் இதே கதைதான். முதலில் பிள்ளை வகுப்பில் உட்கார வேண்டும். பழைய பள்ளியிடம் ஆவணம் கேட்டு வாங்குவது புதிய பள்ளியின் வேலை. விசாவை நினைத்துத் தயங்குபவர்களுக்கு இன்னொன்று: குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் மறுக்க முடியாது என்று 1982-இலேயே உச்ச நீதிமன்றம் பிளைலர் வழக்கில் சொல்லிவிட்டது.

அன்றைக்கு நாங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: “உங்கள் டிஸ்ட்ரிக்ட்டின் மெக்கின்னி-வென்டோ லியேசன் யார்?” ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்; ஒவ்வொன்றிலும் இந்தப் பிள்ளைகளுக்கு உதவ லியேசன் என்று ஓர் அலுவலர் கட்டாயம் இருக்க வேண்டும். கவுன்டரில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் தெரியாமல் இருக்கலாம், அவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. லியேசனிடம் பேசுங்கள். அந்தப் பையன் மறுநாள் காலை வகுப்பில் இருந்தான்.

மூன்றாவது தவறுதான் எனக்கு அதிகம் மனசு கஷ்டமாக இருக்கும். வீடு மாறியதும் பள்ளியையும் மாற்றியே ஆக வேண்டும் என்று நினைத்து, யாரிடமும் கேட்காமல் டி.சி. வாங்குவதுபோல் விலகிவிடுவது. வீடு, தெரு, விளையாட்டுத் தோழர்கள் எல்லாம் போன பிள்ளைக்கு மிச்சம் இருப்பது அந்த வகுப்பறையும் அந்த டீச்சரும்தான். வீட்டை இழக்கும் முன் படித்த பள்ளியிலேயே தொடர்ந்து படிக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. டிஸ்ட்ரிக்ட் எல்லை தாண்டிப் போயிருந்தாலும் உண்டு. பெற்றோர் வேறு விதமாக விரும்பாதவரை, பழைய பள்ளியில் தொடர்வதே பிள்ளைக்கு நல்லது என்ற எண்ணத்தில்தான் டிஸ்ட்ரிக்ட் முடிவெடுக்கத் தொடங்க வேண்டும். நீங்கள் கேட்டால் போக்குவரத்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டு டிஸ்ட்ரிக்ட்டுக்குள் உடன்பாடு வரவில்லையென்றால் செலவை ஆளுக்குப் பாதியாக ஏற்க வேண்டும். நடுவில் நிரந்தர வீடு கிடைத்துவிட்டாலும் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை அங்கேயே படிக்கலாம்.

சரி, ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போகும் ஆறு வயதுப் பிள்ளைக்கு இது நல்லதா? எப்போதும் அல்ல. சில சமயம் பக்கத்துப் பள்ளிதான் சரி. அதை யோசித்துத் தேர்ந்தெடுங்கள், வழி இல்லை என்று நினைத்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

பள்ளி மறுத்தால் வாய்வார்த்தையை வாங்கிக்கொண்டு திரும்புவதும் தவறு. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். காரணத்தையும் மேல்முறையீட்டு வழியையும் உங்களுக்குப் புரியும் விதத்தில் எழுதித் தர வேண்டும். தகராறு தீரும்வரை நீங்கள் கேட்ட பள்ளியில் பிள்ளை படித்துக்கொண்டிருக்கலாம். “முடிவு வரட்டும், அதுவரை வீட்டில் இருக்கட்டும்” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மதிய உணவுக்கு வருமான விண்ணப்பம் நிரப்பிக் காத்திருப்பவர்களும் உண்டு. தேவையில்லை. லியேசன் அடையாளம் கண்ட பிள்ளைக்கு, அந்தப் பள்ளி தேசிய உணவுத் திட்டத்தில் இருந்தால், விண்ணப்பமே இல்லாமல் இலவச உணவு உண்டு. நோட்டு, பேனா, விளையாட்டுக் கட்டணம் இதற்கெல்லாமும் லியேசனிடம் கேளுங்கள்.

அப்புறம், பெரிய பிள்ளைகள். பெற்றோரோடு இருக்க முடியாமல் நண்பர்கள் வீட்டில் மாறி மாறிப் படுக்கும் 16, 17 வயதுப் பிள்ளைகள், “அப்பா கையெழுத்து இல்லாமல் யார் சேர்ப்பார்கள்?” என்று படிப்பையே விட்டுவிடுகிறார்கள். பாதுகாவலர் இல்லை என்ற காரணத்தால் அவர்களைச் சேர்க்காமல் இருக்க முடியாது. வேறு பள்ளியில் பாதியில் விட்ட பாடத்துக்கும் உரிய கிரெடிட் கிடைக்க டிஸ்ட்ரிக்ட் வழிசெய்ய வேண்டும். கல்லூரி உதவித்தொகைக்கான ஃபாஃப்சா படிவத்தில், பெற்றோரின் வருமானமும் கையெழுத்தும் இல்லாமல் தனித்த மாணவராகவே இவர்கள் விண்ணப்பிக்கலாம். அதற்கு லியேசன் தரும் கடிதம் போதும். 12-ஆம் வகுப்பு முடியும் முன்பே அதைக் கேட்டு வாங்கி, ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் அந்த அலுவலரைப் பிடிப்பது கஷ்டம்.