தீபக் கூட்டத்துக்கு முன்னால் திருவண்ணாமலை: எப்போது போவது, என்ன பார்ப்பது

கார்த்திகை தீபத்துக்கு என்றே வெளிநாட்டிலிருந்து டிக்கெட் போடுபவர்கள் பலர். போங்கள், தப்பில்லை. ஆனால் அன்றைக்கு லட்சக்கணக்கானவர்களோடு நெருக்கியடித்து நின்று மலை உச்சியைப் பார்க்கலாமே தவிர, ஊரையும் கோயிலையும் பார்க்க முடியாது. கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட வந்தால், ஐப்பசிப் பௌர்ணமிக் கூட்டம் கலைந்த பிறகு, கொடியேற்றத்துக்கு முன்னால் போய்விடுங்கள். கிட்டத்தட்ட இரண்டரை வாரம் கிடைக்கும். தேதி வருடா வருடம் நகரும் என்பதால் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு விமானத்துக்குப் பணம் கட்டுங்கள்.

அது வடகிழக்குப் பருவமழைக் காலம். குடை கட்டாயம். அதற்காக யோசிக்க வேண்டாம், அந்த ஊர் வானத்துக்கு அதுதான் நல்ல பருவம். இரவு மழை பெய்து ஓய்ந்த காலையில் தூசி அடங்கியிருக்கும். 2,668 அடி உயர மலையின் தலை மேகத்துக்குள் இருக்க, கீழே கோபுரங்கள் மட்டும் பளிச்சென்று தெரியும்.

வெளிச்சக் கணக்கு ஒன்று உண்டு. கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. ராஜகோபுரத்தின் வெளிமுகத்தில் காலை வெயில்தான் நேராக விழும், பிற்பகலில் அது நிழலாகிவிடும். ஆகவே படம் எடுப்பவர்கள் ஏழு மணிக்கே வாசலில் இருங்கள். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த கோபுரம் இது. 11 நிலை, 217 அடி. அடித்தளம் கருங்கல், அதற்கு மேல் செங்கல்லும் சுதையும். அண்ணாந்து பார்த்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விடாதீர்கள். நுழைவாயிலின் பக்கச் சுவர்களில் சதுரம் சதுரமாக நாட்டியக் கரணங்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு கால் தலைக்கு மேல் போகிறது, ஒரு இடுப்பு எதிர்ப்பக்கம் வளைகிறது. எண்ணெயும் கையும் பட்டுப்பட்டுச் சில முகங்கள் மழுங்கிப்போயிருக்கின்றன. திருவிழா நாளில் அந்த இடத்தில் ஒரு நொடி நின்றால் பின்னால் வருபவர்கள் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். சாதாரண நாளில் கால்மணி நேரம் நின்று பார்க்கலாம்.

வடக்கே அம்மணி அம்மன் கோபுரத்தையும் விடாதீர்கள். அம்மணி அம்மாள் என்ற பெண் துறவி ஊர் ஊராகக் காசு திரட்டிக் கட்டி முடித்த கோபுரம். என்னைக் கேட்டால் ராஜகோபுரத்தைவிட இதற்குத்தான் அதிக நேரம் கொடுப்பேன். மழை ஈரத்தில் பிராகாரக் கல் வழுக்கும், வெறுங்காலோடு பெரியவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்.

நான்கு பெரிய கோபுரங்களையும் ஒரே பார்வையில் பார்க்க, ரமணர் 1916 முதல் 1922 வரை இருந்த ஸ்கந்தாசிரமத்துக்குப் போகும் மலைப்பாதைதான் சரியான இடம். அங்கே பிற்பகல் நல்லது, வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். 2024 டிசம்பர் மழையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதனால் பாதை திறந்திருக்கிறதா என்று ரமணாசிரமத்தில் கேட்டுவிட்டே ஏறுங்கள். உச்சி வரை போகலாம் என்று யாராவது வழிகாட்ட வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ட்ரோன் கொண்டுவர வேண்டாம். 2022 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை, சுங்கத்திலேயே பிடித்துவிடுவார்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவர்கள் தங்கினால் விடுதிக்காரர்கள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். ஆளுக்கு ஆள் பாஸ்போர்ட்டும் விசா அல்லது ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டையும் அசலாகக் கையில் இருக்கட்டும். சின்ன லாட்ஜ் என்றால் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர். பழைய நினைப்பில் கோயம்பேடு போகாதீர்கள், பஸ் இப்போது கிளாம்பாக்கத்தில். கார் எடுத்தால் திண்டிவனம் வழியாக வாருங்கள், செஞ்சிக் கோட்டை வழியிலேயே இருக்கிறது.

தீபத்தையும் விட மனமில்லையா? ஏற்றிய நாளிலிருந்து 11 நாள் மாலைதோறும் எரியும். சொந்தக்காரர்களைப் பார்த்து முடித்துவிட்டு நான்காவது, ஐந்தாவது நாள் திரும்பி வாருங்கள். ஒரே இரவுக்கு மட்டும் அறை போடாதீர்கள், மேகம் உச்சியை மூடினால் சுடர் தெரியாது.